அமெரிக்கக் குற்றவியல் தீர்ப்புகளை வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் யாரோ ஒருவரின் தண்டனையை ரத்து செய்தது என்று செய்தி வந்ததும், "அப்போ அவர் தப்பே பண்ணலையா?" என்று ஒரு கூட்டம் கிளம்பும், "காசிருந்தா எதுவும் நடக்கும்" என்று இன்னொரு கூட்டம். தீர்ப்பைத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. மத்தியக் குற்றச் சட்டத்தின் பொருள் பற்றிய மேல்முறையீட்டில் கேள்வி ரொம்பச் சின்னது: அவர் இதைச் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எழுதிய இந்த வாசகத்துக்குள் அது வருமா, வராதா?

யேட்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகை அதிகாரி சோதிக்கிறார். சிவப்புக் களவா மீன் 20 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 72 மீன்கள் அதற்குக் குறைவு. அவற்றைத் தனியே வைத்துக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போகிறார். கரையில் மறுபடி அளந்தால் அளவு குறைந்தவை 69தான், நீளமும் அன்று அளந்ததோடு ஒத்துப்போகவில்லை. கேப்டன் யேட்ஸ் சொல்லித்தான் பழைய மீனைக் கடலில் போட்டோம் என்று படகில் இருந்த ஒருவர் பிறகு ஒத்துக்கொண்டார்.

வழக்குப் போட்டது எந்தச் சட்டத்தில் தெரியுமா? என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தில். விசாரணையைத் தடுக்க "பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டறியக்கூடிய பொருள்" எதையாவது அழித்தால் 20 ஆண்டு வரை சிறை. மீனைத் தொட முடியுமே, அப்புறம் என்ன என்றது பதினோராவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (சர்க்யூட் என்றால் உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே ஒரு வட்டாரத்துக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்). 2015-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை மாற்றியது.

முதல் வழுக்கல் இங்கேதான்: அகராதியைப் புரட்டினால் விஷயம் முடிந்தது என்று நினைப்பது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு, அந்தச் சொல் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தது. பதிவேடு, ஆவணம் என்ற வரிசையில் வரும் "பொருள்" என்றால் தகவலைப் பதிந்து வைக்கும் பொருள், ஹார்ட் டிஸ்க் மாதிரி. பிரிவின் தலைப்பும் பதிவேடுகளைத்தான் சொல்கிறது, அதே பிரிவு பேசும் "பொய்யாகப் பதிவு செய்வது" மீனில் எப்படி நடக்கும்? எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி கேகன், எளிய சொல்லுக்கு எளிய அர்த்தம் போதும் என்றார். என்னைக் கேட்டால் வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கேகன் பக்கம்தான் வலு அதிகம், ஆனால் இந்தச் சட்டத்தை மீனுக்கு இழுத்ததில் அரசு வழக்கறிஞர்கள் காட்டிய ஆர்வம் அவர்கள் கேஸையே கெடுத்தது.

அந்த எதிர்த் தீர்ப்பில் கேகனோடு சேர்ந்தவர்கள் ஸ்காலியா, கென்னடி, தாமஸ். கேகனை நியமித்தவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி, மற்ற மூவரையும் நியமித்தவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். நியமித்த ஜனாதிபதியின் கட்சியை வைத்து ஓட்டை முன்கூட்டியே எண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2024-இல் ஜனவரி 6 கலவர வழக்கான ஃபிஷரிலும் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி நியமித்த ஜாக்சன், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பெரும்பான்மையோடு போனார்; குடியரசுக் கட்சி ஜனாதிபதி நியமித்த பேரட் எதிர்த்து எழுதினார்.

சட்டத்தின் பொருளில் சந்தேகம் என்றால் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே, சரிதானே? அப்படி ஒரு விதி இருக்கிறது, ஆனால் அது கடைசிப் படி. மற்ற எல்லா வழியிலும் தேடிப் பார்த்து, அதற்குப் பிறகும் குழப்பம் தீராவிட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். போதைப்பொருள் வழக்குகளில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்கு தரும் ஒரு பிரிவில் "மற்றும்" என்ற ஒரு சொல்லை வைத்து சர்க்யூட்டுகளே இரண்டாகப் பிரிந்து நின்றன. 2024-இல் பல்சிஃபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசு பக்கம் தீர்ப்பளித்தது, இதில் உண்மையான குழப்பமே இல்லை என்று சொல்லி.

ஒரு சர்க்யூட் சொன்னதை நாடு முழுக்கச் சட்டம் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. அந்தத் தீர்ப்பு அதன் எல்லைக்குள் மட்டும்தான் கட்டுப்படுத்தும். 1986-இன் கணினி மோசடிச் சட்டத்தில், பார்க்க அனுமதி உள்ள தகவலைத் தப்பான நோக்கத்துக்குப் பார்த்தால் குற்றமா என்பதற்கு இடத்துக்கு இடம் வேறு பதில் இருந்தது; 2021-இல் வான் பியூரன் வழக்கு வந்துதான் அது தீர்ந்தது, குற்றமில்லை என்று. உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தால் கீழே சொன்னதை ஒத்துக்கொண்டது என்றும் அர்த்தம் கிடையாது. விசாரிக்கத் தேவையான 4 நீதிபதிகளின் ஆதரவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, ஜெயித்தவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைப்பது. யேட்ஸ் ஏற்கெனவே தன் 30 நாள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார், பறிமுதலைத் தடுக்கப் பொருளை அழித்ததற்கான இன்னொரு குற்றத் தீர்ப்பை அவர் எதிர்க்கவே இல்லை, அது அப்படியே நின்றது. அடுத்தவர் வெற்றி தானாக உங்களுக்கும் வராது. துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவர் (உதாரணமாக, பெருங்குற்றத் தண்டனை பெற்றவர்) தன் அந்த நிலையை அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் ரெஹைஃப் வழக்கு சொன்னது. விசாரணையின்போது இந்த ஆட்சேபத்தை எழுப்பாதவர்கள் பிறகு வந்து கேட்டபோது, 2021-இல் கிரியர் வழக்கில் பதில் கறாராக வந்தது: அரசு அதை நிரூபிக்க வேண்டும் என்று விசாரணையிலேயே சொல்லப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். தனக்குப் பெருங்குற்றத் தண்டனை ஆனதே தெரியாது என்று எத்தனை பேரால் நம்பும்படி சொல்ல முடியும்?