சீனியர் இயரில் ஒரு கிரேடு சறுக்கினால் காலேஜ் இடம் என்ன ஆகும்?

ஊரில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதி, ரிசல்ட் வந்து, கட்-ஆஃப் கணக்குப் போட்ட பிறகுதான் காலேஜ் பேச்சே ஆரம்பிக்கும். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். சீனியர் இயர் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பங்கள் போய்விடும். மார்ச் கடைசிக்குள் பெரும்பாலான காலேஜ்கள் பதில் சொல்லிவிடும். மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்ட வேண்டும். பள்ளியோ மே கடைசி, ஜூன் வரை ஓடும். இங்கிருக்கும் நம் தமிழ் வீடுகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். இடம் கிடைத்துவிட்டது என்று பிள்ளையும் தளர்ந்துவிடுகிறது, நாமும் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மார்க்கைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

அட்மிஷன் கடிதத்தை வாழ்த்தோடு நிறுத்தாமல் கடைசி வரி வரை படியுங்கள். சீனியர் இயரை இதே தரத்தில் முடிக்க வேண்டும், விண்ணப்பத்தில் சொன்ன பாடங்களையெல்லாம் முடிக்க வேண்டும், டிப்ளமா, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், வாங்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். பள்ளிக் கவுன்சிலர் முதல் செமஸ்டர் முடிந்ததும் பல காலேஜ்களுக்கு இடைக்கால அறிக்கை அனுப்புவார். பள்ளி முடிந்ததும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாக் கிரேடுகளும் அடங்கிய பட்டியல், போகும். இவை பள்ளியிலிருந்தே போகின்றன என்பதால், குறைந்த கிரேடு காலேஜின் கண்ணில் படாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு குறைந்தால் ஆபத்து? இங்கே கிரேடு A, B, C, D, F என்று இறங்கும், F என்றால் பெயில். A வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு பாடத்தில் B வாங்கினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே ஒரு C-யும் பல இடங்களில் கடந்துபோகும். போட்டி மிகுந்த காலேஜாக இருந்தால் காரணம் கேட்டுக் கடிதம் வரலாம். இரண்டு மூன்று C சேர்ந்து வந்தாலோ, D அல்லது F ஒன்று வந்தாலோ உடனே செயல்பட வேண்டும்.

D விஷயத்தில் நம்மவர்கள் ஏமாந்துபோவது அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ் என்று பழகியவர்கள் நாம். இங்கே D வாங்கினாலும் பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கு வைத்து டிப்ளமா கொடுத்துவிடுவார்கள். ஆனால் பல ஊர்களில் வளாகங்கள் உள்ள அரசுப் பல்கலைக்கழகமான யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவை, அதாவது யூசியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயப் பாடங்களில் C அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது கணக்கில் எடுக்கும். அட்மிஷனுக்கான ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் சராசரியை, யூசி பத்தாவது, பதினொன்றாவது வகுப்புக் கிரேடுகளை வைத்துத்தான் போடுகிறது. இதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் "பன்னிரண்டாவது கணக்கில் வராதுப்பா" என்பார்கள். ஜிபிஏ கணக்கில் வராது, சரி. நிபந்தனையில் வரும். D, F கூடாது என்று அங்கே எழுதியே இருக்கும். அந்த ஆண்டின் சராசரி எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் உங்கள் பிள்ளைக்கு இடம் கொடுத்த வளாகத்தின் போர்ட்டலிலேயே, அதாவது விண்ணப்பித்தவர்கள் உள்நுழைந்து பார்க்கும் இணையப் பக்கத்திலேயே, பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

பாடத்தைக் கைவிடுவதும் இதே அளவு ஆபத்து. ஏபி (பள்ளியிலேயே நடத்தும் காலேஜ் தரப் பாடம்) இயற்பியல் எடுப்பதாக விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, பிப்ரவரியில் கஷ்டமாக இருக்கிறதென்று அதை விட்டுவிட்டால் கிரேடு ஏதும் குறையாது. ஆனால் காலேஜ் எந்தப் பாடப் பட்டியலைப் பார்த்து இடம் கொடுத்ததோ அது மாறிவிடுகிறது. விடுவதற்கு முன்பே காலேஜுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

ஊரிலிருந்து பதினொன்றாவதிலோ பன்னிரண்டாவதிலோ வந்து சேரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கணக்கிலும் வேதியியலிலும் அநேகமாகத் தப்பிவிடுவார்கள். கிரேடு விழுவது ஆங்கிலத்திலும் அமெரிக்க அரசாங்கப் பாடத்திலும்தான். கலிபோர்னியாவில் அரசாங்கமும் பொருளாதாரமும் தலா ஒரு செமஸ்டர், இரண்டும் டிப்ளமாவுக்குக் கட்டாயம். வசந்த செமஸ்டரில் அதில் F வந்தால் காலேஜ் மட்டுமல்ல, டிப்ளமாவே சந்தேகமாகிவிடும். "அது என்ன, படித்தால் வந்துவிடும்" என்று நாம் கண்டுகொள்ளாமல் விடும் பாடம் அது.

இன்னொன்று, இங்கே கிரேடு ஒரு பெரிய பரீட்சையில் தீர்மானமாவதில்லை. வீட்டுப்பாடம், குவிஸ், புராஜெக்ட், வகுப்பில் பேசுவது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பள்ளியின் ஆன்லைன் கிரேடு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பரீட்சையில் 88, 91 என்று வரிசையாக இருக்கும். நடுவில் கொடுக்காத நான்கு வீட்டுப்பாடங்களுக்கு நான்கு பூஜ்யம் கிடக்கும். மொத்தத்தைக் கீழே இழுப்பது அந்தப் பூஜ்யங்கள்தான். ஆசிரியரிடம் பிள்ளையே போய்க் கேட்டால், பாதி மதிப்பெண்ணுக்காவது தாமதமாக வாங்கிக்கொள்ளும் ஆசிரியர்கள் நிறையப் பேர். கேட்காத பிள்ளைக்கு அவர்களாக வந்து கொடுக்க மாட்டார்கள். ஊரில் வாத்தியாரிடம் போய் மார்க் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைப் போக்குவது பெற்றோர் வேலை.

சரி, D வந்தே விட்டது, அல்லது வரப்போகிறது என்று ஏப்ரலிலேயே தெரிகிறது. காத்திருக்காதீர்கள். காலேஜ் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன் நீங்கள் எழுதுங்கள். யூசி போன்ற இடங்களில் இப்படித் தெரிவிப்பதே ஒரு நிபந்தனை. எழுத வேண்டியது பிள்ளை, தன் பெயரில், போர்ட்டல் வழியாகவோ அட்மிஷன் அலுவலகத்துக்கோ. அப்பா எழுதும் நீண்ட கடிதம் பிள்ளைக்குக் கெடுதல்தான் செய்யும்.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு ஏபி கால்குலஸில் D வரும் நிலை. பாட்டி இறந்து, பிப்ரவரியில் மூன்று வாரம் மதுரைக்குப் போய் வந்ததில் பாடம் விட்டுப்போயிருந்தது. அவள் எழுதியது சில வரிகள்தான்: கால்குலஸில் இப்போது என் கிரேடு D. குடும்பத்தில் ஏற்பட்ட மரணத்தால் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. வாரம் இருமுறை ஆசிரியரிடம் தனியாகப் படித்து வருகிறேன். C-க்குக் கீழே முடிந்தால் கோடையில் இந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க அனுமதிப்பீர்களா? அழுகையும் கெஞ்சலும் அதில் இல்லை. என்ன நடந்தது, என்ன செய்கிறேன், அடுத்து என்ன செய்யட்டும் என்பது மட்டும் இருந்தது. கோடையில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூரின் இரண்டாண்டு அரசுக் காலேஜில், படித்து C எடுத்தால் போதும் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலில் கேட்டால் கோடை முழுவதும் கையில் இருக்கிறது. ஜூலையில் அவர்கள் கேட்டு நாம் பதில் சொன்னால் அது இருக்காது.

ஊருக்குப் போக வேண்டிய அவசரம், உடம்பு சரியில்லை என்றால் கவுன்சிலரிடம் அன்றே சொல்லிவையுங்கள். அவர் எழுதும் இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

காலேஜின் பதில் பல விதமாக வரும். எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், விளக்கம் கேட்கலாம், ஸ்காலர்ஷிப்பை மட்டும் நிறுத்தலாம், இடத்தையே ரத்து செய்யலாம். ரத்தானாலும் மேல்முறையீடு உண்டு. கடிதத்தில் சொன்ன கெடுவைத் தவறவிடாதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. அதை நம் சமூகத்தில் தாழ்வாகப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கலிபோர்னியாவில் அங்கே இரண்டு ஆண்டு நன்றாகப் படித்து, கேட்ட பாடங்களையும் கிரேடையும் எடுத்தால், டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு யூசி வளாகங்களில் இடத்துக்கு உத்தரவாதமே தரும் திட்டம் உண்டு. செலவும் பெருமளவு குறையும்.

வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், இருக்கும் பிள்ளைக்கு இதே சீனியர் இயர் கிரேடு உதவியாகவும் வரும். முதல் செமஸ்டர் நன்றாக இருந்தால் அதைக் காலேஜுக்கு எழுதித் தெரிவிக்கலாம்.

கிரேடு நன்றாக இருந்தும் இடம் போவதுண்டு. 2017 கோடையில் யூசி அர்வைன் கிட்டத்தட்ட 500 பேரின் இடத்தை ரத்து செய்தது. அதில் பலருக்குச் சொல்லப்பட்ட காரணம் டிரான்ஸ்கிரிப்ட் நேரத்துக்கு வரவில்லை என்பது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வளாகத்தின் தலைவரான சான்சலர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார், பாதிக்கு மேற்பட்டோருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. யூசிக்கு இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போக வேண்டும். பள்ளி அலுவலகம் ஜூனில் மூடிவிடும் என்பதால், மே மாதமே அனுப்பச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் போர்ட்டலில் "கிடைத்தது" என்று வரும்வரை வாரம் ஒருமுறை பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். வராவிட்டால் பள்ளியையும் காலேஜையும் அதே நாளில் போனில் கூப்பிடுங்கள்.