மாவடுத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

மாவடு தீர்ந்ததும் ஜாடி அடியில் நிற்கும் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எடுத்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் அரை எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, மூடி போட்ட சின்ன பாட்டிலில் நன்றாகக் குலுக்குங்கள். சாலட் டிரெஸ்ஸிங் தயார். கடையில் வாங்கவே வேண்டாம்.

சாலடுக்கு வேண்டிய உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். மாவடுவுக்கு அரைத்துப் போட்ட கடுகு, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் குலுக்கியதும் மஞ்சளாகத் திரண்டு காய்மேல் ஒட்டுகிறது. சென்னை வெயிலுக்கு வெள்ளரிப் பிஞ்சு, கேரட், வெங்காயத்தோடு அருமை. வேகவைத்த கொண்டைக்கடலையோடு இன்னும் அருமை. தனியாக உப்பு போடவே கூடாது. அப்புறம், சாப்பிடும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். முன்கூட்டியே ஊற்றினால் வெள்ளரி நீர்விட்டுக் கிண்ணமெல்லாம் தண்ணீராகிவிடும்.

ஜாடியில் பூஞ்சை தெரிந்தாலோ வாடை மாறியிருந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்துவது ஆபத்து. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்களுக்கும் இது சரிப்படாது. ஆவக்காய் போன்ற எண்ணெய் ஊறுகாய் என்றால் நல்லெண்ணெயை விட்டுவிட்டு, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.