பழைய அல்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

அப்பம்மாவின் அல்பத்தை அப்படியே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். படங்களின் இரண்டு பக்கங்களையும் ஸ்கான் பண்ணிக் கைபேசியில் வைத்திருங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய திகதியோ இருந்தால் அது பின்பக்கத்தில்தான் இருக்கும். பிறகு, படம் எங்கே, எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க, நிற்கிற ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

ரவுணில் எடுத்த படமென்றால் பொது நூலகமாக இருக்க வாய்ப்பு அதிகம். குவிமாடமும் முன்னால் சரஸ்வதி சிலையும் தெரிந்தால் இடத்தில் சந்தேகமில்லை, காலத்தில்தான் சிக்கல். 1959இல் திறந்த நூலகத்தை 1981இல் எரித்தார்கள். பிறகு பழைய சாயலிலேயே திருப்பிக் கட்டியதால், கட்டடத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல ஏலாது. ஓரத்தில் நிற்கும் காரையும் ஆட்களின் உடுப்பையும் பாருங்கள். அருகே தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவின் நினைவுத் தூண் தெரிந்தால் வேலை சுலபம்: அவர் காலமானது 1977இல், படம் அதற்குப் பிந்தியது. மணிக்கூட்டுக் கோபுரம் இந்த விஷயத்தில் உதவாது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்த நினைவாகக் கட்டியது, எல்லாத் தலைமுறையின் படத்திலும் நிற்கும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் என்றால் தெற்கு வீதியைப் பாருங்கள். அங்கே ஒன்பது நிலைக் கோபுரம் இருந்தால் படம் 2011க்கு முந்தியதல்ல. முத்திரைச் சந்தியில் நிற்கும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலையையும் அதே ஆண்டுதான் புதுப்பித்தார்கள். பழைய படத்தோடு வாளையும் முகத்தையும் பீடத்தையும் ஒப்பிடுங்கள். கோட்டைக்குள் ஒல்லாந்தர் தேவாலயம் முழுசாக நிற்கும் படம் உங்களிடம் இருந்தால் பத்திரம். 1990 சண்டையோடு அது இடிந்துபோனது.

கட்டடம் இடம்வலம் மாறித் தெரிந்தால் குழம்பாதீர்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டுக் கழுவியிருப்பார்கள். பெயர்ப்பலகை எழுத்தோ சட்டைப் பொக்கற்றோ அதைக் காட்டிக்கொடுக்கும்.

கூகுள் லென்ஸ் பெரிய கோயில்களுக்குச் சரி. ஊர்க்கோயிலைக் காட்டினால் தமிழ்நாட்டுக் கோபுரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும். அதைவிடத் தேத்தண்ணிக் கடையில் இருக்கும் வயதான ஐயாவிடம் கேட்பது மேல். ஆனால் “ஐயா, இது கொக்குவில்தானே?” என்று கேட்காதீர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று “ஓம்” என்றுவிடுவார். “இது எந்த இடம், ஐயா?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

அதே கோணத்தில் இப்போது ஒரு படம் எடுக்க ஆசை வரும். அருகில் இராணுவ முகாமோ காவலரணோ இருந்தால் கைபேசியைத் தூக்க முன்னம் அங்கே நிற்பவரிடம் கேளுங்கள்.