தடை தாண்டும் குதிரைகள் மேல் முதல் பந்தயம் கட்டுவது எப்படி?

கிண்டியில் பார்த்த ரேஸை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே சமதள ஓட்டம், ஓரிரு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலம் முழுக்க நடக்கும் ஜம்ப் ரேஸிங் வேறு ரகம். ஏப்ரலில் லிவர்பூல் பக்கத்து எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். சரியான குதிரையைத் தேர்ந்தெடுத்து, அது முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் காசு புல்லில் உருண்டு போகலாம். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

படி 1: தொகை

இந்த மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்குங்கள். நான் 20 பவுண்டு வைத்திருக்கிறேன், ஒரு பந்தயத்துக்கு 2 பவுண்டு. ஆன்லைன் கணக்கு திறந்த அன்றே டெபாசிட் லிமிட் போட்டுவிடுங்கள், தோற்ற பிறகு போட உங்களுக்கு மனசு வராது.

படி 2: எந்த ரேஸ்?

ஹர்டில், சேஸ் என்று இரண்டு வகை. ஹர்டில் குறைந்தது மூன்றரை அடி உயரம், குதிரை இடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சேஸ் வேலி குறைந்தது நாலரை அடி, கெட்டியானது, அதனால் விழுவதும் அதிகம். புதியவர்கள் ஹர்டிலில் தொடங்கலாம்.

படி 3: பெயர் பக்கத்து எழுத்துகள்

ரேஸ் கார்டில் (அதாவது ஓடும் குதிரைகளின் பட்டியலில்) குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 21F-1PU என்று புரியாத பாஷையில் ஏதோ இருக்கும். இடமிருந்து வலம் படிக்க வேண்டும், வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசியாக ஓடியது. எண் என்றால் வந்த இடம். F என்றால் குதிரை விழுந்தது, U என்றால் ஜாக்கி மட்டும் கீழே, P என்றால் முடியாமல் நடுவில் நிறுத்தியது, B என்றால் மற்றதன் மேல் இடறி விழுந்தது. நடுவில் இருக்கும் கோடு சீசன் மாறியதைக் காட்டுகிறது. B-க்காக ஒரு குதிரையை ஒதுக்காதீர்கள், பாவம், அதன் தப்பு இல்லை. ஆனால் சமீபத்தில் இரண்டு F இருந்தால் நான் தொடுவதே இல்லை.

கூடவே தரை எப்படி என்று பாருங்கள். மழையில் ஊறிய தரையை ஹெவி என்பார்கள். காய்ந்த தரையில் பறந்த குதிரை அந்தச் சேற்றில் திணறலாம்.

படி 4: ஆட்ஸ்

4/1 என்றால் 1 பவுண்டு போட்டால் லாபம் 4, போட்ட 1-உம் திரும்பும். அதாவது அந்தக் குதிரைக்கு 20 சதவீத வாய்ப்பு என்கிறது கணக்கு. ஒரு ரேஸில் ஓடும் எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிக் கூட்டிப் பாருங்கள், 100-ஐத் தாண்டும். அந்த உபரிதான் புக்கியின், அதாவது நம்மிடம் பந்தயம் வாங்குபவரின் பங்கு. விழும் அபாயத்தையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த 20. 'விழாமல் இருந்தால் ஜெயிக்கும்' என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

படி 5: ஈச்-வே

வெற்றிக்குப் பாதி, முதல் சில இடங்களுக்குப் பாதி. 20/1 குதிரையில் 2 பவுண்டு ஈச்-வே என்றால் கையிலிருந்து போவது 2 அல்ல, 4 (முதல் தடவை எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறோம்). பிளேஸுக்கு (அந்த முதல் சில இடங்களுக்கு) ஐந்தில் ஒரு பங்கு ஆட்ஸ் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வந்தால் 10 பவுண்டு கிடைக்கும், ஜெயித்தால் 52. நிறையக் குதிரைகள் ஓடும் ரேஸுக்கு இது பொருந்தும், 4/1-க்குக் கீழே எனக்குப் பிரயோஜனமாகத் தெரியவில்லை.

படி 6: 'அக்கா'விடம் ஜாக்கிரதை

பல ரேஸ்களைக் கோர்த்துப் போடும் அக்குமுலேட்டரை பிரிட்டனில் செல்லமாக அக்கா என்பார்கள். நம் அக்காவுக்கு இருக்கும் இரக்கம் இதற்குக் கிடையாது, ஒன்று தோற்றாலும் மொத்தமும் போச்சு. 2015-இல் இங்கிலாந்தின் பெரிய ஜம்ப் ரேஸ் விழாவான செல்டன்ஹாம் திருவிழாவின் முதல் நாள், வில்லி மல்லின்ஸ் தயார்செய்த டூவான், அன் டி சோ, ஃபாகீன் மூன்றும் வரிசையாக ஜெயித்துவிட்டன. ஊரே நாலாவதாக ஆனி பவரைக் கோர்த்து வைத்திருந்தது. 1/2 ஃபேவரிட், முன்னிலை, ரூபி வால்ஷ் சவாரி, மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஹர்டில். விழுந்தது. ஜெயித்தது அதே மல்லின்ஸின் இன்னொரு குதிரை, கிளென்ஸ் மெலடி! புக்கிகள் பல கோடி தப்பித்தார்கள்.

இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. 1967 கிராண்ட் நேஷனலில் 23-ஆவது வேலியில் குதிரைகள் மோதிக் குவிய, ரொம்பப் பின்னால் வந்த ஃபோய்னாவன் அந்தக் குழப்பத்துக்குள் வழி கண்டுபிடித்துத் தாண்டி ஜெயித்தது, அதுவும் 100/1-இல். ஆனால் அதை நம்பி வாரா வாரம் 100/1 தேடுகிறவர்களுக்கு 2023-இல் ஜெயித்த கோராக் ராம்ப்ளரைக் காட்டுவேன்: அடுத்த வருடம் முதல் வேலியிலேயே ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டது.

படி 7: எப்போது போடுவது

வாரக்கணக்கில் முன்கூட்டியே போட்டால் ஆட்ஸ் நன்றாக இருக்கும். ஆனால் குதிரை கால் சுளுக்கி ஓடாமலே போனாலும் பொதுவாகக் காசு திரும்பாது, 'நான்-ரன்னர் நோ பெட்' என்று போட்டிருந்தால் மட்டும் திரும்பும். நானானால் அன்றைய காலையில், தரை நிலவரம் பார்த்த பிறகுதான்.

அப்புறம் ஒரு நோட்டு. குதிரை, ஆட்ஸ், ஏன் போட்டேன், என்ன ஆச்சு என்று நாலு பத்தி. என் நோட்டின் நாலாவது பத்தியில் அதிகம் இருக்கும் வார்த்தை 'கடைசி வேலி'.