அபூர்வமான பெயர் வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குழந்தைக்கு யாருக்கும் இல்லாத பெயராக வைக்கணும் என்கிற ஆசையில் தப்பே இல்லை, தாராளமாக வையுங்கள். ஆனால் பெயர் தேட மாதக்கணக்கில் செலவழிக்கிற நாம், அதை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கவும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கவும் ஒரு சாயங்காலம்கூட ஒதுக்குவதில்லை.

முதலில் இந்தப் பிரபல எண். இணையத்தில் பெயரைப் போட்டால் இத்தனையாவது இடம் என்று வருகிறதே, அது பல நேரம் அமெரிக்கக் கணக்கு. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது; ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்காவது வைக்காத பெயர் அதில் வராது, ஓரெழுத்து மாறினாலும் தனிப் பெயர்தான். நம் நாட்டில் அப்படி அரசு பட்டியல் கிடையாது. அந்தக் கணக்கில் காணோம் என்பதற்காக யாழினியை அபூர்வம் என்று நினைத்து வைத்தால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அதே வகுப்பில் இன்னும் இரண்டு யாழினி உட்கார்ந்திருக்கலாம். சேலத்தில் அஸ்தம்பட்டியோ அம்மாபேட்டையோ, உங்கள் பகுதி அங்கன்வாடி டீச்சரையும் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மாவையும் கேளுங்கள். இப்போது எந்தப் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது உச்சரிப்பு, பெரிய தலைவலியே இதுதான். ழகரம் வரும் பெயரை ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு எழுதுகிறோம். தமிழ் தெரிந்தவருக்கு அது ழ, தெரியாதவருக்கு வெறும் இசட். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது 'யாசினி, யாசினி' என்று கூப்பிடுவார்கள், அம்மா அது தன் பிள்ளையென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். எல் போட்டால் யாலினி ஆகிவிடும். என்னைக் கேட்டால் இசட்-எச்சே இருக்கட்டும், தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எதை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், நம்ம பக்கம் பல பாட்டிகள் வாயில் ழ வராது, 'யாளினி கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அது உங்களை உறுத்தும் என்றால் வேறு பெயர் பாருங்கள். பாட்டியை ஆயுசு முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ழ இல்லாத பெயர் என்றால் தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். சுகவனேஸ்வரர் கோயில் இருப்பதால் சுகவனம் என்ற பெயர் சேலத்துக்காரர்களுக்குப் பழக்கம், ஊர் தாண்டினால் அபூர்வம். தமிழில் ஒரே 'க', ஆங்கிலத்தில் சிலர் கே, சிலர் ஜி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும்போது தாத்தாவின் பத்திரத்தில் எந்த எழுத்து என்று பார்த்து, அதையே போடுங்கள். எழுத்து தடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்காட்டு மலையே சாட்சி. சேர்வராயன் ஆங்கிலத்துக்குப் போய் ஷெவராய் ஆகி, இன்று நம்ம பிள்ளைகளே ஷெவராய் ஹில்ஸ் என்கிறார்கள்.

நட்சத்திர எழுத்துக்காகப் பெயரை வளைப்பதும் வேண்டாம். திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று கொடுப்பார்கள். ங-வில் பெயர் தேடி அலைவதை விட்டு கு-வில் நல்ல பெயராகப் பாருங்கள்.

கடைசியாக, அவசரம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அப்போதே சொல்லியாக வேண்டும் என்றில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். பிரசவ வார்டில் படிவத்தை நீட்டியதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டால், பிறகு மாற்றுவதற்கு அரசிதழ் வரை அலைய நேரும். அதுவும் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆதார் எடுக்கும்போதும் ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினியே தமிழாக மாற்றும், ழ அங்கே ல ஆகிவிடக்கூடும். சரி என்று தலையாட்டுவதற்கு முன் திரையில் தமிழ் வரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.