ஆல்பத்துக்கு ஒரே பாட்டு: தி கிளாஷின் ஆறு ஆல்பங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தி மகன் போனில் கேட்டான்: "அண்ணே, எப்பப் பாத்தாலும் கிளாஷ் கிளாஷ்ங்கிறியே, எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கிறது? ஆல்பத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டு சொன்னா வாங்கமாட்டேன்."

ஆறு ஆல்பம், ஆறு பாட்டு, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் பிடித்தது. தி கிளாஷ் நான் இருபது வருஷமாகக் கேட்கிற லண்டன் பங்க் ராக் குழு, ஆனாலும் ‘எனக்குப் பிடித்த பாட்டு’ வேறு, ‘அந்த ஆல்பத்தின் சிறந்த பாட்டு’ வேறு என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் புரிந்தது. நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வேறு குழுவுக்கும் இதே முறை ஒத்துவரும்.

படி 1: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

நான் ஒரு வாரத்தைத் தொலைத்தது இந்த இடத்தில், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் ஆல்பத்தின் பெயரும் ‘தி கிளாஷ்’தான். அதற்கு நான் முதலில் எழுதி வைத்த பாட்டு ‘ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே’. சந்தேகமே இல்லாமல் எழுதினேன். பிறகு ஆண்டைச் சரிபார்த்தபோது இடித்தது. ஆல்பம் வந்தது 1977 ஏப்ரலில். அந்தப் பாட்டு சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, வந்ததோ 1978-இல். பிறகு எப்படி என் ஆல்பத்தில் இருக்கிறது?

அதே பெயரில், அதே அட்டைப் படத்தோடு இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1977-இல் வந்ததில் 14 பாட்டு. அமெரிக்காவில் 1979-இல் தாமதமாக வெளியிட்டபோது அதிலிருந்து நான்கை எடுத்துவிட்டு, இடையில் வந்த சிங்கிள்களில் ஐந்தைச் சேர்த்து 15 ஆக்கிவிட்டார்கள். செயலிகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நான் இத்தனை வருஷமாகக் கேட்டது அமெரிக்கப் பதிப்பு.

அடையாளம் எளிது. முதல் பாட்டு ‘ஜேனி ஜோன்ஸ்’ என்றால் 1977. ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’ என்றால் 1979. குழு முதலில் ஒரே மூச்சில் செய்து வெளியிட்டது எதுவோ அதுதான் ஆல்பம் என்பது என் கட்சி. அதனால் 1977 பதிப்பையே எடுத்தேன். ‘ஹாமர்ஸ்மித் பாலே’யை மனசில்லாமல்தான் அடித்தேன்.

படி 2: கேட்கும் இடமும் கருவியும்

ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது), ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு போடும் வசதி, மூன்றையும் நிறுத்துங்கள். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை மட்டும் போடுங்கள். பிற்காலத்தில் மெருகேற்றிய பதிப்புகள் கொஞ்சம் சத்தமாக இருக்கும், சத்தமாக இருப்பது காதுக்கு ‘நல்ல பாட்டு’ போலவே படும்.

ப்ளூடூத் வேண்டாம், வயர் வைத்த இயர்போன் போதும். ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்றால் அறையைப் பாருங்கள். நான் முதல் நாள் எங்கள் வளவில் வைத்துக் கேட்டேன். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் திறந்த முற்றம். கண்ணுக்கு எவ்வளவு வழுவழுப்போ காதுக்கு அவ்வளவு எதிரொலி. குழுவின் பேஸ் கிட்டார்காரர் பால் சைமனானின் நோட்டு ஒன்று முடிவதற்குள் முந்தையது சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. ரெக்கே என்னும் ஜமைக்காத் தாளம் உள்ள பாட்டெல்லாம் கலங்கிப்போனது. அதனால்தான் அன்று அவற்றுக்குக் குறைவாக மதிப்பெண் விழுந்திருக்கிறது. மறுநாள் மெத்தையும் ஜமுக்காளமும் அடுக்கி வைத்திருக்கும் உள்ளறைக்கு ஸ்பீக்கரை மாற்றினேன். அதே பாட்டுகள் வேறு பாட்டுகளாகக் கேட்டன. முதல் நாள் எழுதியதைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன்.

படி 3: பேரேடு

ஐந்து நட்சத்திரம், பத்துக்கு எட்டு என்றெல்லாம் போடாதீர்கள். எல்லாப் பாட்டும் எட்டில் வந்து நிற்கும். வட்டிக்கடைக் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் வரவு, பற்று என்று இரண்டு பத்தி போடுங்கள். பாட்டு எனக்குக் கொடுத்தது வரவில், என் கவனம் நழுவிய இடம் பற்றில். ஒரு பாட்டுக்கு ஒரு வரி. எக்செல் இதற்குச் சரிப்படாது, கை தட்டச்சுக்குப் போனால் காது பாட்டை விட்டுவிடுகிறது.

படி 4: எடுத்துவிட்டுக் கேளுங்கள்

முறையின் உயிர் இந்தப் படிதான். ஆல்பத்தை ஒரு பட்டியலாகச் சேமித்து, நீங்கள் சிறந்தது என்று நினைக்கிற பாட்டை நீக்கிவிட்டு மிச்சத்தை வரிசையாகக் கேளுங்கள். கறிக்குழம்பில் கல்பாசி போட மறந்த அன்றைக்குத்தான் அது என்ன வேலை செய்தது என்று தெரியும்.

முதல் ஆல்பத்தில் ‘ஒயிட் ரயட்’டை நீக்கினேன். ஒன்றும் ஆகவில்லை, அதே வேகத்தில் இன்னும் பத்துப் பாட்டு இருக்கிறது. ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ஸை நீக்கியபோது ஆல்பத்துக்கு மூச்சு முட்டியது. ஜமைக்காப் பாடகர் ஜூனியர் மர்வின், இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரியோடு சேர்ந்து 1976-இல் கொண்டுவந்த ரெக்கே பாட்டு அது. இரண்டு நிமிஷத்தில் பாட்டை முடித்துவிட்டு ஓடுகிற பையன்கள் இதில் மட்டும் ஆறு நிமிஷம் நின்று வாசிக்கிறார்கள். பின்னால் அவர்கள் போன தூரத்துக்கெல்லாம் கதவு திறந்தது இங்கேதான். அடுத்தவர் பாட்டைச் சிறந்தது என்று சொல்லலாமா என்று தம்பி கேட்டான். தாராளமாக.

இரண்டாவது, 1978-இன் ‘கிவ் எம் இனஃப் ரோப்’. சீக்கிரம் முடிந்தது. சிறைக்குப் போய்வந்த பள்ளித் தோழனுக்காகக் குழுவின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸ் பாடும் ‘ஸ்டே ஃப்ரீ’ என் நெஞ்சுக்கு நெருக்கம். ஆனால் நீக்கிப் பார்த்தால் ஆல்பம் ஆட்டம் காண்பது ‘சேஃப் யூரோப்பியன் ஹோம்’ இல்லாமல்தான்.

‘லண்டன் காலிங்’ டிசம்பர் 1979. மொத்தம் 19 பாட்டு. கடைசிப் பாட்டு ‘ட்ரெயின் இன் வெய்ன்’ பழைய அட்டையில் அச்சாகியிருக்காது, அட்டை அச்சுக்குப் போன பிறகு சேர்த்தது. அதையும் கணக்கில் எடுங்கள். ஊரறிந்த பாட்டைச் சொல்லக் கூடாது என்ற பிடிவாதத்தில் ‘கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’, ‘லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்’ என்று நான்கு நாள் சுற்றினேன். தலைப்புப் பாட்டை நீக்கிய அன்று விவாதம் முடிந்தது. அது இல்லாவிட்டால் மிச்சம் அருமையான பாட்டுகளின் தொகுப்பு, அவ்வளவுதான். எதற்காக இவர்கள் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதற்குக் காரணம் அந்த முதல் பாட்டில் இருக்கிறது. அந்த வருஷம் மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து, தேம்ஸ் ஆறு ஊருக்குள் வந்துவிடும் என்ற பயம், எல்லாம் அதில் உண்டு. தலைப்பே போர்க்கால பிபிசி அறிவிப்பிலிருந்து எடுத்தது. முகப்பில் ரேடியோவைக் காதோரம் வைத்து, இரைச்சலுக்கு நடுவே பிபிசி தமிழோசை கேட்ட ஐயாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, லண்டனிலிருந்து ஒரு குரல் கூப்பிடுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பாட்டின் கடைசியில் கிட்டார் தந்தி அடிப்பதுபோல விட்டு விட்டு ஒலிக்கும். அது மோர்ஸ் குறியில் எஸ்ஓஎஸ், காப்பாற்றுங்கள் என்ற அபாயக் குறி.

ஊரறிந்தது என்பதற்காக ஒதுக்குவதும் தப்புத்தான்.

படி 5: ‘சாண்டினிஸ்டா!’வுக்கு மட்டும் தனி வழி

1980. மூன்று இசைத்தட்டு, பக்கத்துக்கு ஆறாக 36 பாட்டு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இங்கே படி 4 பலிக்காது. எதை நீக்கினாலும் இது சாயாது, அவ்வளவு பரந்து கிடக்கிறது.

நான் செய்தது: ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுவும் ஆறாம் பக்கத்திலிருந்து பின்னோக்கி. எல்லாரும் முதல் பக்கத்தைத் தெளிந்த காதோடு கேட்டுவிட்டு நான்காம் பக்கத்தில் களைத்துப்போகிறார்கள். பின்னாலிருந்து வந்ததால்தான் பழைய ‘கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்’ஸைக் குழந்தைகள் குரலில் திரும்பப் பாட வைத்திருப்பதை ஒழுங்காகக் கேட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக ஆறு பாட்டை எழுதிக்கொண்டு, நோட்டை மூடி ஒரு வாரம் வேறு எதுவும் கேட்காமல் இருந்தேன். எட்டாம் நாள் காலை பல் விளக்கும்போது வாய் முணுமுணுத்தது ‘த மேக்னிஃபிசன்ட் செவன்’. காலை ஏழு மணி அலாரத்தில் தொடங்கி ஒரு வேலைநாளை ஓட்டிக் காட்டும் பாட்டு. நியூயார்க்கில் புதிதாகக் கேட்ட ராப்பை உடனே கையில் எடுத்திருக்கிறார்கள். அதையே எழுதினேன்.

மிச்சம் இரண்டு

‘காம்பாட் ராக்’, 1982. ‘ராக் த காஸ்பா’, ‘ஷுட் ஐ ஸ்டே’ இரண்டையும் தம்பி எங்காவது கேட்டிருப்பான். என் தேர்வு ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. இதற்குச் சோதனையே தேவைப்படவில்லை. குழுவின் டிரம்மர் டாப்பர் ஹெடன் வாசிக்க, பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் துண்டில் சுற்றிய பாட்டிலால் பெரிய டிரம்மின் முன்பக்கத்தைத் தட்டிய ஓசை அதில் கேட்கும். வெளியூர்க்காரனை வேண்டாம் என்று தள்ளும் இங்கிலாந்தில் தொடங்கி, வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு (பழைய சைகோன்) போகிறது பாட்டு. அமெரிக்கச் சிப்பாய் விட்டுவிட்டுப் போன பிள்ளை, அப்பா அம்மா சேர்ந்திருக்கும் போட்டோவைக் காட்டி, என்னையும் கூட்டிப் போ என்கிறது.

ஸ்பீக்கரில் ஓடும்போது அப்பத்தா கதவோரம் வந்து நின்றது. "என்ன ராசா, யாரோ அழுகுற மாதிரி இருக்கு?" அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரங்கோன்லயும் சைகோன்லயும் கடை வச்சவுக எத்தனை பேரு இப்படி விட்டுட்டு வந்தாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற ஊரில் இந்தப் பாட்டு வெளிநாட்டுப் பாட்டாகக் கேட்கவில்லை. 2007-இல் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. தன் ‘பேப்பர் பிளேன்ஸ்’ஸுக்கு எடுத்துக்கொண்டதும் இதே இசைத்துண்டைத்தான். அதைக் கேட்டவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த பாட்டு.

‘கட் த கிராப்’, 1985. மிக் ஜோன்ஸும் டாப்பரும் இல்லாத ஆல்பம். ‘திஸ் இஸ் இங்கிலாந்து’. ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ‘லண்டன் காலிங்’கில் தனக்கு 19-க்கு மேலே பாட்டுகள் காட்டுகிறது என்று எழுதினார். அது 2004-இன் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு, கூடுதல் இசைத்தட்டில் ஒத்திகைப் பதிவுகள். அவை கணக்கில் வராது.

இன்னொருவருக்கு ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ ஏழு நிமிஷம் ஓடுகிறதாம். 1991-இன் ‘கிளாஷ் ஆன் பிராட்வே’ தொகுப்பில் வந்த வெட்டாத வடிவம் அது. ஆல்பத்தில் இருப்பது ஐந்தரை நிமிஷம். தேர்வுக்கு ஆல்ப வடிவத்தைக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு நீளமானதைக் கேளுங்கள், கட்டாயம்.

ஆறு பாட்டும் சேர்ந்து அரை மணிக்குள் அடங்கும். காரைக்குடியில் வண்டியை எடுத்தால் தேவகோட்டைக்குள் முடிந்துவிடும். தம்பி அப்படித்தான் கேட்டான். ஊர் வந்த பிறகும் வண்டியிலிருந்து இறங்காமல் ஐந்தாவதைத் திரும்பப் போட்டதாகச் சொன்னான்.