பாத நாற்றம்: முதலில் சப்பாத்தைக் காய வையுங்கள்

தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஒரு சேலை காய்வதற்கே மூன்று நாட்கள் வேண்டும். அந்த ஈரத்தில், பாடசாலைக்குப் போய் நனைந்து வந்த பிள்ளையின் சப்பாத்து ஓர் இரவுக்குள் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் மறுநாள் காலையில் அதே சப்பாத்துத்தான் காலில் ஏறுகிறது. மலையகத்தில் பாத நாற்றம் பெரும்பாலும் தொடங்குவது இந்த இடத்தில்தான். வெயில் கொளுத்தும் ஊர்களுக்குரிய தொல்லை என்று பலர் இதை நினைத்தாலும், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் நுவரெலியாவிலும் இது இருக்கிறது. அங்கிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு இறங்கும் இளைஞர்களிடம் இரட்டிப்பாகிறது. கோயில் வாசலிலும் உறவினர் வீட்டு இஸ்தோப்பிலும் சப்பாத்தைக் கழற்றத் தயங்கி நின்ற அனுபவம் எனக்கும் உண்டு என்பதால், இதைக் கூச்சமின்றி விரிவாகவே எழுதுகிறேன்.

வியர்வைக்கு இயல்பில் நாற்றம் கிடையாது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 250,000 வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அமைந்திருப்பதைப் போல அவை நெருக்கமாக அமைந்த இடம் உடலில் வேறில்லை. அங்கே சுரக்கும் வியர்வை காற்றில் உலர்ந்துவிட்டால் ஒன்றும் நேராது. மூடிய சப்பாத்துக்குள் அது தேங்கும்போதுதான் உள்ளங்காலின் தடித்த தோல் ஊறி வெளுத்து, தோலில் எப்போதும் வாழ்ந்துகொண்டிருக்கும் பற்றீரியாக்களுக்கு உணவாகிறது. அவற்றுள் ஸ்டபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பது வியர்வையிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. சப்பாத்தைக் கழற்றியதும் எழும் புளித்த வாடை அதனுடையது. பிரெவிபற்றீரியம் என்னும் இன்னொரு வகை கந்தகச் சேர்வைகளை வெளிவிடுகிறது. சிலவகைச் சீஸ்களுக்கு அவற்றின் காரமான வாடையைத் தருவதும் இதே இனந்தான். ஆகவே நாற்றமடிக்கும் காலைக் கண்டு, குளிக்காதவர் என்றும் சுத்தமில்லாதவர் என்றும் ஒருவரைத் தாழ்த்துவது தவறு. தினமும் இருமுறை குளிப்பவரின் காலும் காயாத சப்பாத்துக்குள் ஒரு வாரம் இருந்தால் நாறும்.

காலைக் கழுவும் முறையில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. தண்ணீரை ஊற்றிக் கொண்டால் மட்டும் போதாது. சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு விரல் இடுக்கிலும் கைவிரலை விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் துடைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையிலுள்ள இடுக்கு மிகவும் நெருக்கமானது. அங்கே ஈரம் தங்கினால் தோல் வெளுத்து உரிந்து சேற்றுப்புண் வரும். அந்த இடுக்கைத் துடைத்த துண்டால் முகத்தைத் துடைக்காதீர்கள். காலுக்கென்று ஒரு பழைய துணியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். உள்ளே ஊறிய ஒரு சோடி நன்றாகக் காய ஒரு முழு நாளாவது வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாட்கள்கூட ஆகும். எனவே இந்தத் தொல்லைக்காகச் செலவிட முடிந்த முதல் பணம் பவுடருக்கோ வாசனைத் திரவியத்துக்கோ போகாமல் இரண்டாவது சோடிக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை கூடிய ஒரு சோடியைவிடச் சுமாரான இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிவது மேல். தோட்டச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஆறு சோடி வாங்குவது எல்லோராலும் ஆகக்கூடிய காரியமல்ல என்பதையும் அறிவேன். ஒரே சோடியை வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்தவுடன், தேநீர் குடிப்பதற்கும் முன்பாக, அதைக் கவனிக்க வேண்டும். நாடாவை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் தகட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஈரத்தில் பாதி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் நுனிவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் நனைந்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைக்க வேண்டும், படுக்கப் போகும்முன் மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் வைத்த தாளையே விடியும்வரை விட்டுவிட்டால் அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்திருக்கும்.

விறகடுப்பின் சூட்டில் காய வைப்பது நம் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் வழக்கம். அது நல்ல வழக்கம்தான், ஆனால் அடுப்பிலிருந்து இரண்டு முழமாவது தள்ளி, கை வைத்தால் இதமாக உணரும் இடத்தில் வையுங்கள். தணலுக்கு அருகே வைத்தால் பசை விட்டு, இறப்பர் வெடித்து, உள்ள ஒரு சோடியும் போய்விடும். காலையில் வெயில் எட்டிப் பார்த்தால் அரை மணி நேரமாவது அதில் வைக்கத் தவறாதீர்கள்.

காய்ந்த பிறகும் வாடை எஞ்சியிருந்தால், கடையில் கிடைக்கும் அப்பச்சோடாவை ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி அளவு தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டிக் கொட்டிவிடலாம். வாடைக்குக் காரணமானது அமிலம். அப்பச்சோடா காரத் தன்மையுடையது என்பதால் அதை நடுநிலையாக்குகிறது. தோல் சப்பாத்துக்கு இதை அடிக்கடி செய்தால் தோல் வறண்டு வெடிக்கும். கோதுமை மாவைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள்; அதைச் செய்ய வேண்டாம், ஈரம் பட்டதும் அது பசையாகிக் கிருமிகளுக்குத் தீனியாகும்.

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்கும் மருந்தடிப்பதற்கும் இறப்பர் பூட்ஸ் போட்டுப் போகிறவர்களின் நிலைமை வேறு. மழைநீரை வெளியே நிறுத்தும் அதே இறப்பர் வியர்வையையும் உள்ளே அடைத்துவிடுகிறது. வேலை முடிந்ததும் பூட்ஸை நிறுத்தி வைக்காமல், நட்டு வைத்த கம்பில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைச் சவர்க்கார நீரால் கழுவிக் காய விடுங்கள். வெறுங்காலோடு பூட்ஸ் போடவே கூடாது. மலையில் நிற்கும்போது ஒரு சோடி உலர்ந்த காலுறையைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்வது மாலைவரை காலைக் காப்பாற்றும். செருப்போடோ வெறுங்காலோடோ கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு நாற்றம் குறைவு. ஆனால் சேற்றுப்புண்ணும், அட்டை கடித்துச் சொறிந்த புண்களும் அவர்களுக்குத்தான் அதிகம். எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி தோல் வெடிப்பின் வழியாக உடலுக்குள் நுழையக்கூடியது என்பதால், விரிந்த புண்ணோடு தேங்கிய நீரில் இறங்குவதைச் சிறு விடயமாக எண்ண வேண்டாம்.

காலுறையைத் தினமும் மாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவைக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. உரிந்த தோலும் கிருமியும் உட்புறத்தில்தான் ஒட்டியிருக்கின்றன. கொதித்து இறக்கிய நீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துவைத்தால் இன்னும் நல்லது. முழு நைலோன் காலுறை ஈரத்தை உறிஞ்சாது. பருத்தி உறிஞ்சும், ஆனால் உறிஞ்சிய ஈரத்தை விடாது. ஆகவே பருத்திக் காலுறை அணிபவர் பகலில் ஒருமுறை மாற்றுவது அவசியம்.

கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு மழைநீர் தேவையில்லை. அங்குள்ள புழுக்கமே சப்பாத்தை நனைத்துவிடும். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வியர்வையைக் குறைக்கும் மருந்து. பாமசியில் 20 சதவீத அலுமினியம் குளோரைட்டுக் கரைசல் கிடைக்கும். அதை இரவில், முழுவதும் காய்ந்த உள்ளங்காலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். தொடக்கத்தில் சில நாட்கள் ஒவ்வோர் இரவும் பூசலாம். வியர்வை அடங்கிய பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை போதும். புண்ணோ வெடிப்போ உள்ள இடத்தில் பூசினால் எரியும். வெறும் வாசனைத் தெளிப்பான்கள் நாற்றத்தின் மேல் மணத்தைச் சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

கையில் உள்ளதைக் கொண்டு செய்ய விரும்புவோருக்குத் தேயிலைத்தூள் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டித் தூளை அரை லீற்றர் நீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, இரண்டு லீற்றர் குளிர்ந்த நீருடன் கலந்து, அதில் பாதங்களை 20 முதல் 30 நிமிடம் வரை வைத்திருங்கள். ஒரு வாரம் தினமும் செய்ய வேண்டும். தேயிலையிலுள்ள டனின் தோலைச் சற்று இறுகச் செய்து வியர்வையைக் குறைக்கிறது. ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு நீர் கலந்தும் இவ்வாறே ஊறவைக்கலாம். இரண்டையும் புண் உள்ள காலுக்குச் செய்யக் கூடாது. இவை துணை வைத்தியங்கள் மட்டுமே. கால் ஊறிய அன்றைக்கே மறுபடி ஈரச் சப்பாத்துக்குள் போனால் ஊறவைத்ததில் பயனில்லை.

இரண்டு மூன்று வாரங்கள் இவற்றைச் செய்தும் குறையவில்லையென்றால் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குதிகாலிலும் விரலடி மேட்டிலும் ஊசியால் குத்தியது போன்ற சின்னஞ்சிறு குழிகள் தெரிந்தால், நனைந்ததும் அவ்விடம் வெள்ளையாகி இன்னும் தெளிவாகத் தெரிந்தால், அது பற்றீரியாக்கள் தோலை அரித்ததன் அடையாளம். அதற்கு மருத்துவர் எழுதித் தரும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பூச்சு நன்றாகக் கேட்கும். அது பங்கசு அல்ல. விரலிடுக்கு அரித்து உரிந்தால் அது பெரும்பாலும் பங்கசு. அதற்குக் குளோட்ரிமசோல் கிறீமைக் காலையும் மாலையும், தோல் சரியான பிறகும் மேலும் இரண்டு வாரங்கள் பூச வேண்டும்; அரிப்பு நின்ற அன்றே நிறுத்துவதால்தான் பலருக்கு அது திரும்ப வருகிறது. அரிப்பு உடனே நிற்கும் என்று யாராவது தரும் ஸ்டீரொயிட் கலந்த கிறீமை வாங்காதீர்கள். அது சிவப்பை மறைத்துவிட்டுப் பங்கசைப் பரவ விடும்.

நீரிழிவு உள்ளவர்கள் மேலே சொன்ன ஊறவைக்கும் முறைகள் எதையும் தாமாகச் செய்ய வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்கு நீரின் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது. காலில் சிவப்பும் வீக்கமும் சூடும் ஏறிக்கொண்டு போனால், அல்லது காய்ச்சல் கண்டால், நீரிழிவு இல்லாதவரும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அவசரமில்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் காலுக்குப் பவுடரோ கிறீமோ போடாமல், வழக்கமாக அணியும் சப்பாத்தையே அணிந்து செல்லுங்கள். காலோடு சேர்த்து அதையும் அவர் பார்க்க வேண்டும்.